காப்புக் கட்டிய முனை

அந்த மஞ்சள் கயிற்றைக் கட்டியவள் நான். கட்டும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. எதற்காகக் கட்டினேன் என்பதை நானும் யாரிடமும் சொல்லவில்லை. மரத்திலிருந்து விழுந்த மனிதர், விழுந்ததற்குத் தானே காரணம் என்று ஒரு மாதத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். அந்த மாதம் முழுவதும் உண்மை என்னிடம் இருந்தது.

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, காளவாசலில் ஒரு மருந்துக்கடையின் மாடியறையில் இயங்கிய சிறிய அறக்கட்டளை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரண்டாம் ஆண்டில், மரம் ஏறிக் கிளை வெட்டும் தொழிலாளர்களைக் கயிற்றின் பாதுகாப்போடு ஏறப் பழக்கும் திட்டம் என் பொறுப்புக்கு வந்தது. மேலூருக்கு அப்பால் உள்ள ஓர் ஊரிலிருந்து ஐந்து பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களுடைய தகப்பன்மார் பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். மகன்கள் காலத்தில் நகரம் வடக்கே நீண்டது. வீடுகள் மரங்களை நெருக்கிக்கொண்டு எழுந்தன. மின்கம்பி மேல் சாயும் வேம்பு, மொட்டைமாடியில் சருகு கொட்டும் வாகை, அடுத்த வீட்டுக் காரின் மேல் காய் போடும் தென்னை என்று அழைப்புகள் வரத் தொடங்கின. ஐவரும் ஒரு குட்டியானை வண்டியில் ஏறி வந்து, மாலைக்குள் வெட்டி, அள்ளிப்போட்டுத் திரும்பிவிடுவார்கள்.

மூத்தவருக்கு நாற்பது வயது இருக்கும். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அவர் அண்ணனாகவே வருவார். அவருடைய மனைவியின் தம்பியும் அந்த அணியில் இருந்தார். அண்ணனுக்கு அவர் மாப்பிள்ளை; அதனால் மற்ற மூவருக்கும், பிறகு எனக்கும், அவர் மாப்பிள்ளையாகிவிட்டார்.

அதுவரை அவர்கள் ஏறிய முறைக்கு உபகரணம் என்று எதுவும் இல்லை. தென்னைக்குக் காலில் ஒரு தளைக்கயிறு. மற்ற மரங்களுக்கு வெறும் கையும் வெறும் காலும். இடுப்பின் பின்பக்கம் அரிவாள். விழுந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், எந்த ஆண்டு எந்தக் கண்மாய் நிறைந்தது என்று சொல்லும் அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தக் குரல்தான் என்னை அந்த வேலையில் ஆழமாக இறக்கியது.

மலைப்பகுதியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் பத்து நாள் தங்கிக் கற்றுக்கொடுத்தார். நானும் கற்றேன். எடை கட்டிய மெல்லிய எறிகயிற்றை உயரத்தில் ஒரு கவட்டையின் மேல் விழும்படி வீச வேண்டும். அதன் வாலில் ஏறுகயிற்றைக் கட்டி மேலே இழுத்து, கவட்டையின் மறுபக்கம் இறக்க வேண்டும். கவட்டை தாங்குமா என்று தரையிலிருந்து இருவர் சேர்ந்து தொங்கிப் பார்க்க வேண்டும். பிறகு கயிற்றின் ஒரு முனை ஏறுபவரின் இடுப்புப் பெல்ட்டில் முடியப்படும். மறுபக்கம் இறங்கி வரும் பகுதியை, பெல்ட்டோடு பிணைத்த சிறு கயிறு ஒன்று பல சுற்றுகளாகச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கையால் தள்ளினால் அந்த முடிச்சு நகரும். உடலின் எடை அதன்மேல் விழுந்தால் இறுகி நின்றுவிடும். ஒரு இழுப்பு, ஒரு தள்ளல், ஓர் அடி உயரம். களைத்தால் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு அந்தரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். அந்த முடிச்சுக்குப் பயிற்சியாளர் சொன்ன ஆங்கிலப் பெயர் இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. அண்ணன் அதற்கு உடும்பு என்று பெயர் வைத்தார்.

மேலே சேர்ந்ததும், ரம்பத்தை உருவுவதற்கு முன், இடுப்பிலிருந்து இன்னொரு கயிற்றைத் தண்டைச் சுற்றிப் போட வேண்டும். ஏறும்போது ஒரு கட்டு, அறுக்கும்போது இரண்டு கட்டு. இதை நான் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். ஏறும் அந்தச் சில நிமிடங்களில் மனிதரின் உயிர், பெல்ட்டில் முடிந்த முனையில்தான் இருக்கிறது. கயிற்றின் மறுமுனை வாலாகத் தரையில் கிடக்கும். அதில் எடை ஏதும் இல்லை. முனைகளுக்கு இடையே உள்ள இந்த வேறுபாடு பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும்.

கயிற்றை அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய். முதல் சில வாரங்கள் அது அவர்களுக்கு ஒரு வெட்கமாகவே இருந்தது. அண்ணன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்த முதல் நாள், கீழே நின்ற மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “தொட்டிலு கட்டியாச்சு. தாலாட்டு யாரு மாமா பாடுறது?”

மேலிருந்து அண்ணன், “உங்க அக்காளக் கூப்புடு மாப்ள, நல்லாப் பாடுவா” என்றார்.

சிரித்தார்கள். ஆனாலும் நான் வராத நாள்களில் கயிற்றுப் பை வண்டியை விட்டு இறங்குவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது அறக்கட்டளையின் கயிறாக இருக்கும்வரை இப்படித்தான் இருக்கும், அவர்களுடைய கயிறாக மாற வேண்டும் என்று நான் எண்ணினேன். அந்த எண்ணத்தில் இன்றும் எனக்குப் பிழை தெரியவில்லை. அதை நடத்திய விதத்தில்தான் பிழை.

ஆயுத பூஜை வந்தது. அண்ணன் வீட்டு முன்வாசலில்தான் ஐவரின் கருவிகளும் வைத்துக் கும்பிடுவது வழக்கம். கயிறுகளையும் அரிவாள்களோடு வைக்கலாமே என்று நான்தான் கேட்டேன். கயிறு எப்படி ஆயுதமாகும் என்று ஒருவர் சந்தேகப்பட்டார். அரிவாள் வெட்டும், ரம்பம் அறுக்கும், கயிறு என்ன செய்யும் என்று அவர் கேட்க, “உன்ன உங்க வீட்டுல கொண்டுபோய்ச் சேக்கும்” என்று அண்ணன் முடித்துவைத்தார். கயிற்றுக்காக அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அண்ணனின் மனைவி வாழையிலைகளை விரித்து, ஐந்து ஏறுகயிறுகளையும் வட்டமாகச் சுற்றி வரிசையாக வைத்தார். சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார். ஊதுபத்தி குத்த ஓர் இடம் வேண்டியிருந்தது. முதல் கயிற்று வட்டத்தின் நடுவில் இருந்த வெற்றிடம் அதற்கென்றே செய்தது போல இருந்ததால், ஒரு வாழைப்பழத்தை அங்கே வைத்து, ஒரு கொத்துப் பத்தியைக் கொளுத்திக் குத்தினார்.

நான் தறி வீட்டில் பிறந்தவள். வீட்டுக்குள் நாங்கள் பேசும் மொழி வேறென்றாலும், ஆயுத பூஜை எங்களுக்கும் பெரிய நாள்தான். என் அப்பா தறிக்கு மாலை போடுவார், பொட்டு வைப்பார்; ஆனால் பத்தியையும் சூடத்தையும் பாவு நூலிலிருந்து பத்தடி தள்ளி, வாசலுக்கு அருகில்தான் கொளுத்துவார். ஒரு பொறி பட்டால் மாத வேலை போய்விடும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நூலும் நெருப்பும் பற்றி எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தப் பழம் சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். பத்தியின் கங்கு கயிற்றை நோக்கிக் குனிவதைப் பார்த்தேன். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். நானும் கைகூப்பி நின்றேன். அவர்களுடைய வாசலில், அவர்களுடைய பூஜையில், நேற்று வந்த நான் குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று தோன்றியது. சூடம் காட்டி முடிந்த பிறகு அந்தக் கயிற்றின் மேல் விழுந்திருந்த சாம்பலை நானே புறங்கையால் தட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காளவாசல் அறையில், மாதச் சோதனைக்காகக் கயிறுகளை ஒவ்வொன்றாக விரல்களுக்கு இடையே ஓடவிட்டேன். முதல் கயிற்றில், முனையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேலே, விரல் நின்றது. பொட்டுக்கடலை அளவில் ஓர் இடம் பளபளத்து, கெட்டியாக இருந்தது. வளைத்துப் பார்த்தேன். மற்ற இடங்களைப் போல் அது வளையவில்லை. நைலான் மேலுறை உருகி, உள்ளிழைகள் சிலவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

சந்தேகம் வந்த கயிற்றில் ஏறக்கூடாது என்பதுதான் பயிற்சியின் முதல் நாள் பாடம். பழுது முனைக்கு அருகில் இருந்தால் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். ஒன்றரை முழம் போகும், அவ்வளவுதான். மேசையில் கத்தி இருந்தது.

நான் வெட்டவில்லை. பூஜையில் வைத்த கயிற்றை மூன்றாம் நாளே வெட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். சாமிக்கு முன்னால் எரிந்த கயிறு என்று அதை அபசகுனமாக எடுத்துக்கொள்வார்கள். இப்போதுதான் கைக்கு வந்த கயிறு மறுபடியும் வண்டியிலேயே தங்கிவிடும். பத்தி வைத்த பெண்மணி மனம் நொந்துபோவார். இப்படி அவர்கள் ஒவ்வொருவரின் மனத்துக்குள்ளும் நானே புகுந்து, அவர்கள் சார்பில் நானே பேசி, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அவர்கள் இருந்த ஊருக்கு ஒரு மணி நேரப் பயணம். கைபேசி பக்கத்திலேயே இருந்தது.

பூஜையன்று அண்ணனின் மனைவி வெற்றிலை பாக்கோடு ஒரு மஞ்சள் கயிறும் வைத்துக் கொடுத்திருந்தார். அது என் பையில் கிடந்தது. பழுதான அந்த முனையின் நுனியில் அதைச் சுற்றிக் கட்டினேன். அது எனக்கு மட்டுமான அடையாளம். இந்த முனை எப்போதும் வாலாக இருக்க வேண்டும். மறுமுனைதான் பெல்ட்டுக்குப் போக வேண்டும். நான்தானே உடன் போகிறேன், நானே பார்த்துக்கொள்வேன். பதிவேட்டில் அந்தக் கயிற்றுக்கு நேராகச் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளவும் செய்தேன். அந்தக் கயிறு அண்ணனுக்கே வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போகும் இடங்களில் மஞ்சள் இல்லாத முனையை எடுத்து நானே அவர் கையில் கொடுப்பேன். அவர் என்னையும் கயிற்றையும் ஒரு கணம் பார்ப்பார். பிறகு வாங்கி இடுப்பில் முடிவார். தை பிறந்ததும் ஆண்டறிக்கை வேலை வந்து என்னை மேசையோடு கட்டிப்போட்டது. களத்துக்குப் போவது நின்றது. மாதச் சோதனையைத் தொலைபேசியிலேயே முடித்தேன். கயிறெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். நல்லா இருக்கு மேடம் என்று மாப்பிள்ளை சொல்வார். சரி என்று எழுதுவேன். பை இப்போது தினமும் வண்டியிலிருந்து இறங்குகிறது, எல்லோரும் கயிற்றில்தான் ஏறுகிறார்கள் என்று அவர் சொன்னபோது, அதை அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதினேன்.

மாசியில் ஒரு காலை, ஆனையூரில் ஒரு வீட்டின் பின்பக்கம் நின்ற வேப்பமரத்தில் அண்ணன் ஏறினார். நான் அங்கே இல்லை. மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். கவட்டையை இருவர் தொங்கிச் சோதித்திருக்கிறார்கள். அண்ணன் பாதி உயரத்தைத் தாண்டியதும், ஒரு காய்ந்த கொப்பு காலில் தட்டுப்பட, அதை உதைத்து ஒடித்துவிட்டு மறுபடி கயிற்றில் உட்கார்ந்திருக்கிறார். அந்த உட்காரலில், புதுத்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அவர் கத்தவில்லை. துணி துவைக்கும் கல்லின் விளிம்பில் குதிகால் முதலில் பட்டது. எல்லாம் விதிப்படிதான் செய்திருந்தார்கள். ஏறும்போது ஒரு கட்டு. அந்த ஒரு கட்டுதான் அறுந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை ஓர் உரச்சாக்கை என்னிடம் நீட்டினார். உள்ளே பெல்ட்டு இருந்தது. முடிச்சு அவிழாமல் இருந்தது. முடிச்சின் வாலில், குங்குமக் கறை படிந்து மங்கிப்போன என் மஞ்சள் கயிறு. முடிச்சுக்கு நான்கு விரல் மேலே கயிறு பஞ்சாகப் பிரிந்து முடிந்திருந்தது. சாக்கின் வாயைச் சுருட்டி மூடினேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

வலது குதிகால் நொறுங்கியிருந்தது. இடுப்பில் ஒரு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள் மருத்துவர்கள். மரம் ஏறுவதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மறுநாள் நான் கட்டிலருகே நின்றபோது அவர்தான் பேச ஆரம்பித்தார். குரலில் ஒரு மன்னிப்புக் கேட்கும் தொனி இருந்தது. பூஜைக்குப் பிறகு கயிற்றில் காப்புக் கட்டியிருப்பதைப் பார்த்து, மேடம் நம்மில் ஒருவராக நினைத்துச் செய்திருக்கிறார் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னதாகச் சொன்னார். நான் உடன் வந்த நாள்களில் ஏன் வேறு முனையைக் கொடுக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. என் கையால் கட்டிய காப்பை நானே தொட்டுக் கொடுக்கக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாராம். நான் வராத நாளெல்லாம் அந்த முனையைத்தான் இடுப்பில் முடிந்திருக்கிறார்.

“காப்பு இடுப்புல இருக்கணும்ல மேடம். மண்ணுல கெடக்கலாமா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தப்பு எம்மேலதான். அன்னைக்கி விடியக்கால எங்க தெருவுல ஒரு எழவு. போயிட்டு, தல முழுகாம அப்படியே வண்டியேறிட்டேன். காப்புக் கட்டுன கயித்த அந்தக் கையோட தொட்டேன். அது சும்மா விடுமா?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயும் திறந்தது. நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணே என்றுதான் வந்தது.

அறக்கட்டளைக்கு நான் கொடுத்த விபத்துக் குறிப்பில், ‘பயன்பாட்டால் ஏற்பட்ட தேய்மானத்தின் காரணமாகக் கயிறு அறுந்தது’ என்று எழுதினேன். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். அதில் மனிதர் யாரும் இல்லை.

அதன்பின் என்னைத் தடுத்தது பயம் மட்டும் என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அது பத்தி வைத்த கையைச் சுட்டாதா என்று ஒரு கேள்வி இருந்தது. கணவரின் படுக்கையை மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், நீங்கள் வைத்த பத்தியால்தான் இது நடந்தது என்று எப்படிச் சொல்வது? இப்படி யோசிப்பது எனக்கு மிகவும் பொறுப்பான செயலாகத் தோன்றியது. அக்டோபரில் கத்தியை எடுக்காமல் இருந்தபோதும் இதே பொறுப்புணர்வுதான் இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது பங்குனியில். வேறு வேலையாக மேலூர் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரப் புளியமரம் ஒன்றின் கீழ் அவர்களுடைய வண்டி நின்றது. இறங்கிவிட்டேன். மேலே மாப்பிள்ளை, வெறும் உடம்போடு, இடுப்பில் அரிவாளோடு, பெல்ட்டு இல்லாமல், காலை அகட்டி ஒரு கிளையில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். அவர் இறங்கும்வரை நான் பேசவில்லை. பேசினால் கவனம் சிதறும் என்று பயமாக இருந்தது. இறங்கியதும் கயிற்றுப் பை எங்கே என்று கேட்டேன். அக்காள் வீட்டில் பரணில் இருக்கிறது என்றார். அவருக்கு என்மேல் கோபம் ஏதும் இல்லை. பொறுமையாக விளக்கினார்.

“தெனமும் சுத்தபத்தமா இருந்து அந்தக் கயித்தத் தொட முடியுமா மேடம்? கறி திங்குறோம், எழவுக்குப் போறோம், வீட்டுல ஆயிரம் இருக்கு. மாமா ஒருநா தவறுனாரு, அம்புட்டுத்தான். வெறுங்கையில ஏறுனா யாருக்கும் கோவம் வராதுல்ல.”

மற்ற மூவரும் தலையசைத்தார்கள். அவர்கள் முன்னே வைத்த காரணங்களைக் கொண்டு பார்த்தால் அந்த முடிவில் ஒரு குறையும் இல்லை. கயிறு அறுந்ததற்கு அவர்களிடம் ஒரு விளக்கம் இருந்தது. வேறு விளக்கம் அவர்களுக்குக் கிடைக்காதபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் கயிறில்லாமல் மரம் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் மௌனத்தின் விலையை ஏற்கெனவே ஒருவர் கொடுத்திருக்க, அடுத்தது இவர்கள். அந்த மரத்தடியிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசல் வேம்பின் நிழலில் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஊன்றுகட்டைகள் இரண்டும் கட்டில் சட்டத்தில் சாத்தியிருந்தன. கீழே சாக்கை விரித்து, அரிவாள்மணையின் மேல் ஒரு காலை மடித்துப் போட்டு, அவர் மனைவி கூலிக்கு வாங்கி வந்த புளியைப் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வாங்க மேடம், மோர் குடிக்கிறீங்களா என்று எழப்போனவரை உட்காரச் சொன்னேன். நானும் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, பூஜையன்று பார்த்ததிலிருந்து தொடங்கினேன். சாய்ந்த பழம், தட்டிவிட்ட சாம்பல், விரல் நின்ற இடம், மேசையில் இருந்த கத்தி, மஞ்சள் கயிறு, ‘சரி’. எதையும் விடவில்லை. எழவு வீட்டுக்கும் கயிறு அறுந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன்.

அவர் மனைவி அரிவாள்மணையிலிருந்து காலை எடுத்தார்.

“பத்திய நான்தானே வச்சேன்” என்றார் அவர் மனைவி. நான் பயந்த வாக்கியம் அதுதான்.

“நீ வச்ச. இவுக பாத்தாக” என்றார் அண்ணன். மனைவியைப் பார்த்துச் சொன்னாலும் சொல் எனக்கு வந்தது. “அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்த முனைய நறுக்கிப் போட்டுட்டு ஏறிருப்பேன். அம்புட்டுத்தானே வேல?”

அவர்கள் வருத்தப்படுவார்கள், சகுனம் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அவர் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை, வியப்புத்தான் இருந்தது. கழுத்திலிருந்த மஞ்சள் சரட்டைப் புளி படிந்த விரலால் தொட்டுக் காட்டினார். “தாலிக்கயிறே நைஞ்சு போனா மாத்திக் கட்டிக்கிறோம் மேடம். இந்தக் கயித்த வெட்ட மாட்டமா?”

அந்த வீட்டு மனிதர்களை மதிப்பதாக நினைத்துக்கொண்டு, ஒரு நைந்த கயிற்றைப் பற்றிய செய்தியைக்கூடத் தாங்க முடியாதவர்களாக அவர்களை நான் வைத்திருந்தேன்.

மாலையில் வண்டி வந்தது. நால்வரும் இறங்கியதும், அவர்களிடமும் நானே சொல்ல வேண்டும் என்று அண்ணன் சொன்னார். தான் சொன்னால் மேடத்துக்காகப் பேசுவதாகிவிடும் என்றார். நின்றுகொண்டே மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் முறை எளிதாக இல்லை. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தெருவில் இறங்கி நடந்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப மத்த நாலு கயிறு?”

எனக்குத் தெரியாது என்றேன். தை மாதத்திலிருந்து நான் தொட்டுப் பார்க்கவில்லை என்றேன். அதுவும் உண்மை.

பரணிலிருந்து பை இறங்கியது. நான்கில் ஒன்றை அண்ணன் கட்டிலில் இருந்தபடியே வாங்கி, விரலிடுக்கில் ஓடவிட்டு மறுபக்கம் நீட்ட, மாப்பிள்ளை அதைச் சுருட்டினார். இரண்டாவதையும் அப்படியே பார்த்தார்கள். மூன்றாவதில் முனைக்குப் பக்கத்தில் அண்ணனின் விரல் நின்றது. என்னிடம் நீட்டினார். கடுகளவுதான், ஆனால் கெட்டி. பத்தியிலிருந்து தெறித்த பொறியாக இருக்கலாம். ஐப்பசியில் இந்தக் கயிறும் என் விரல்களுக்கிடையே ஓடியிருக்கிறது. அறுந்த கயிற்றில் கண்டதையே நினைத்துக்கொண்டு இதைத் தவறவிட்டிருக்கிறேன். இதற்கு நேராகவும் சரி என்று இருக்கிறது.

அண்ணனின் மனைவி கையை நீட்டினார். அரிவாள்மணையைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, கயிற்றை அதன்மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். துண்டு புளியங்கொட்டைகளுக்கிடையே விழுந்தது. வெட்டுவாயின் நுனி பிரியாமலிருக்க ஏதாவது சுற்றிக் கட்ட வேண்டியிருந்தது. மாப்பிள்ளை தேடிப்பார்த்துவிட்டு, அக்காளிடம் மஞ்சள் கயிறு இருக்கிறதா என்று கேட்டு, கேட்ட பிறகே என்னைப் பார்த்துத் தயங்கினார்.

“கட்டு மாப்ள” என்றார் அண்ணன். “எதுக்குக் கட்டுறன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுக் கட்டு.”

விபத்துக் குறிப்பைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். திட்டப் பொறுப்பு என்னிடமிருந்து வேறொருவருக்குப் போனது; அது முறைதான். பதிவேட்டில் இப்போது கயிற்றைத் தொட்டுப் பார்க்கும் அவர்களே எழுதுகிறார்கள். அந்த ஐப்பசிப் பக்கத்தில் இருந்த என் இரண்டு ‘சரி’களின் கீழே, நான் கண்டதையும் காணாமல் விட்டதையும் எழுதி, எழுதிய நாளையும் குறித்துவைத்தேன். பழைய சொல்லை அழிக்கவில்லை.

மூவர் கயிற்றுக்குத் திரும்பிவிட்டார்கள். அன்று பேசாமல் நடந்து போனவர் திரும்பவில்லை. அவரிடம் மூன்று முறை போய்ப் பேசினேன். கேட்டுக்கொள்கிறார், தண்ணீர் கொடுக்கிறார், மறுநாள் வெறுங்கையோடுதான் ஏறுகிறார். ஆனையூர்ப் பக்கம் எங்காவது ரம்பச் சத்தம் கேட்டால் நான் நின்றுவிடுகிறேன். முதலில் மரத்தின் மேலே யார் என்று பார்க்கிறேன். பிறகு அவர் இடுப்பைப் பார்க்கிறேன்.